டர்போ வண்டிக்கு ஒரு பூஸ்ட் கண்ட்ரோலர்

டர்போ பொருத்திய காரின் சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, அடுத்தபடியாகப் பூஸ்ட் கண்ட்ரோலர் ஒன்றை வாங்க முற்படுகிறவர்கள், அந்தக் கருவி எவ்வளவு அழுத்தம் வரை ஏற்றித் தரும் என்பதைத்தான் பெரும்பாலும் முதலில் விசாரிக்கிறார்கள். அது பழுதடையும் வேளையில் அழுத்தம் ஏறுமா, இறங்குமா என்பதே முதலில் விசாரிக்கத்தக்கது என்பது என் உறுதியான அபிப்பிராயம். காரணம் விளங்க வேண்டுமானால், டர்போவின் உள்ளே நடப்பதைச் சிறிது நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இயந்திரத்திலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே செலுத்தலாம் என்ற யோசனைக்கு, ஸ்விட்சர்லாந்து தேசத்து எஞ்சினியர் ஆல்பிரட் பூஹி 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். சாதாரண இயந்திரம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு என்ற வாயுமண்டல அழுத்தத்திலுள்ள காற்றையே உறிஞ்சிக்கொள்ள, டர்போ இயந்திரம் அதற்குமேல் பெறுகிற உபரி அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்கிறோம். காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகுதியாக எரியும். எரிவது மிகுந்தால் புகை மிகும். புகை மிகுந்தால், நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தச் சக்கரம் இன்னும் வேகம் கொள்ளும். இந்த வேகத்துக்கு வரம்பு கட்டவே வேஸ்ட்கேட் என்னும் சிறு கதவு ஏற்பட்டது. காற்றின் அழுத்தத்தை ஒரு ரப்பர்க் குழாய் அந்தக் கதவின் ஆக்சுவேட்டருக்குக் கொண்டுவர, உள்ளிருக்கும் ஸ்பிரிங்கின் பலத்தை அது வென்றதும் கதவு திறந்து, புகையில் ஒரு பகுதி சக்கரத்தைத் தொடாமலே வெளியேறிவிடுகிறது.

பூஸ்ட் கண்ட்ரோலர் நிற்பது இந்த ரப்பர்க் குழாயின் நடுவில். அது தானாக எந்தச் சக்தியையும் உண்டாக்குவதில்லை; கோட்டைக்குள் கூட்டம் பெருகிவிட்டது என்ற செய்தியைக் காவற்காரனுக்குப் பாதி மறைத்துச் சொல்வதைப் போல, ஆக்சுவேட்டருக்குச் சேர வேண்டிய அழுத்தத்தில் ஒரு பங்கை மறைத்துக் கதவைத் தாமதமாகத் திறக்கச் செய்கிறது. ஆகவே ஸ்பிரிங்கின் அளவுக்குக் கீழே அழுத்தத்தை இறக்க எந்தக் கண்ட்ரோலராலும் இயலாது. ஸ்பிரிங்கே 10 பவுண்டுக்கு உரியதானால், 7 பவுண்டில் ஓட்ட விரும்புகிறவர் மாற்ற வேண்டியது ஸ்பிரிங்கைத்தான். வேஸ்ட்கேட்டே சிறிதாக இருந்து, உயர்ந்த வேகத்தில் அழுத்தம் தானாக ஏறிக்கொண்டே போகும் வண்டிக்கும் இக்கருவி பரிகாரமாகாது.

வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு துளைவழியே காற்றைக் கசியவிடும் எளிய வால்வு மலிவானது. ஆனால் கதவு முன்கூட்டியே மெல்லத் திறக்கத் தொடங்குவதை அது தடுக்காது. சிறு உருண்டையும் ஸ்பிரிங்கும் கொண்ட வால்வு, குறித்த அழுத்தம் வரும்வரை காற்றை அடியோடு அடைத்து வைப்பதால், பூஸ்ட் விரைவாக எழும்பும். எலெக்ட்ரானிக் வகை, சோலினாய்டு வால்வை நொடிக்குப் பலமுறை திறந்து மூடி, வேகத்துக்கு ஏற்றபடி அழுத்தத்தை மாற்ற வல்லது. சிலவற்றில் கியருக்கு ஏற்றபடியும் மாற்றலாம். ஆனால் இன்றைய கார்கள் பலவற்றில் கம்பெனியே இத்தகைய வால்வை, இயந்திரத்தை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியூவின் ஆளுகையில் வைத்திருப்பதால், அவற்றில் வேறொரு கருவியைப் புகுத்தி இரண்டையும் மோதவிடுவதைவிட, ஈசியூவின் கணக்கையே தேர்ந்த கைகளால் திருத்திக்கொள்வது மேல்.

இனி, ஏற்றப்படும் அழுத்தத்தைத் தாங்குவது எது என்ற விஷயம். 1989-ஆம் ஆண்டில் வெளிவந்த நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். காரை எடுத்துக்கொள்வோம். ஜப்பானியக் கம்பெனிகள் தமக்குள் செய்துகொண்ட இணக்கத்தின்படி அதன் சக்தி 280 குதிரைசக்தி என்றே குறிக்கப்பட்டது, 2.6 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் இரண்டு டர்போக்களும் கொண்ட அதன் இயந்திரமோ இன்னும் வெகுதூரம் போகவல்லது. கம்பெனி வைத்த பூஸ்ட் ஏறத்தாழ 0.7 பார் (1 பார் என்பது ஏறக்குறைய வாயுமண்டல அழுத்தத்தின் அளவு), குழாயிலிருந்த ஒரு சிறு தடையை நீக்கினாலே அது 1 பாரை நெருங்கிவிடும். ஆனால் விரைவாகச் சுழல வேண்டும் என்பதற்காக அந்த டர்போவின் புகைப்பக்கச் சக்கரத்தை எடை குறைந்த செராமிக்கால் செய்திருந்தார்கள். 1 பாருக்கு மேல் தொடர்ந்து ஏற்றியவர்கள் பலரது வண்டிகளில் அச்சக்கரம் அச்சிலிருந்து பிரிந்து சிதறிப்போயிற்று. விலையுயர்ந்த கண்ட்ரோலர்கள் இட்ட கட்டளையைப் பிசகின்றி நிறைவேற்றின. சக்கரத்தால்தான் அதைத் தாங்க முடியவில்லை.

உஷ்ணமும் அப்படியே. 30 டிகிரி உஷ்ணமுள்ள காற்றை 1 பார் பூஸ்டுக்கு அமுக்கினால், நல்ல டர்போவிலும் அது 120 டிகிரி அளவுக்குச் சூடேறிவிடுகிறது. இன்டர்கூலர் அதைத் தணிக்காவிடில், பெட்ரோலின் ஆக்டேனும் போதாவிடில், கலவை உரிய முறைப்படி எரியாமல் தானே வெடிக்கும் நாக்கிங் உண்டாகி, பிஸ்டன்களைத் தகர்க்கும். ஸ்வீடன் தேசத்துச் சாப் கம்பெனி 1982-ஆம் ஆண்டு மாடலில் கொணர்ந்த ஏ.பி.சி. என்ற அமைப்பை இங்கே வியக்காமலிருக்க முடியாது: நாக்கிங்கின் அதிர்வை ஒரு சென்சார் உணர்ந்ததும், சோலினாய்டு வால்வு உடனே பூஸ்டைக் குறைத்துவிடும். அழுத்தத்தை ஏற்றுவதோடு, தக்க தருணத்தில் இறக்கவும் தெரிந்த கருவி அது.

அந்தக் குணமே வாங்குகிறவர் தேட வேண்டியது. மூன்று வாயுள்ள சோலினாய்டை முறைப்படி இணைத்திருந்தால், ஒயர் அறுந்து மின்சாரம் நின்ற மாத்திரத்தில் காற்று முழுவதும் ஆக்சுவேட்டருக்குப் போய், பூஸ்ட் ஸ்பிரிங்கின் அளவுக்கு இறங்கிவிடும். வாய்களை மாற்றி இணைத்திருந்தாலோ, அதே ஒயர் அறுந்தால் கதவு மூடியே நிற்கும். ஆக்சுவேட்டருக்குச் செல்லும் குழாயே கழன்றுவிட்டால் எந்த வகைக் கண்ட்ரோலரும் உதவாது. ஆதலால் நல்ல குழாயும் உறுதியான கிளிப்பும், வரம்பு மீறினால் பெட்ரோலை நிறுத்தும் ஏற்பாடும் இன்றியமையாதவை. அந்த நிறுத்தத்தை ஏமாற்றுவதற்கென்றே விற்கப்படும் சிறு கருவிகளை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

பொருத்தியபின், கண்ட்ரோலரை அடிமட்டத்தில் வைத்து, ஸ்பிரிங்கின் பூஸ்டில் முதலில் ஓட்டிப் பார்த்து, பிறகு ஒவ்வொரு பவுண்டாக ஏற்றிவர வேண்டும். ஒவ்வொரு படியிலும் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தை மீட்டரில் கவனித்து, உயர்ந்த கியரில், வெயில் மிகுந்த பகலிலும் நாக்கிங் இல்லை என்று நிச்சயித்துக்கொண்ட பிறகே அடுத்த பவுண்டுக்குப் போகலாம்.