வீட்டுத் தண்ணி லேபுக்கு வரட்டும்!

விலங்கியல் படித்த எங்களுக்கு வாரத்தில் ஒரு மதியம் அல்லைடு கெமிஸ்ட்ரி லேப். பியூரெட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட, ‘‘ஏய், உனக்கு எவ்ளோ வந்துச்சு?’’ என்பதுதான் அங்கே முக்கியமான கேள்வி. சரியான விடை ஆசிரியரின் நோட்டில் இருக்கும். அதை ஒட்டி வந்தால் மார்க். நன்றாகப் படிக்கும் தோழியின் ரீடிங்கில் 0.1 கூட்டி எழுதிவிட்டு, கேன்டீனுக்குப் போய்விடுவோம்.

கெமிஸ்ட்ரியை மெயினாக எடுக்காத பிள்ளைகளுக்கு இந்த லேப் எதற்கு என்று இப்போதும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், சோதனையை மாற்ற வேண்டியதில்லை. குடுவையில் ஊற்றுவதை மாற்றினாலே போதும்.

அவரவர் வீட்டு போர் தண்ணியை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் 20 மில்லி எடுத்து, அம்மோனியா பஃபரும் எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டியும் சேர்த்தால், ஒயின் சிவப்பாகும். பியூரெட்டிலிருந்து 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, சட்டென்று நீலம். 8 மில்லி செலவானால் அந்தத் தண்ணியின் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் சொல்லும் அளவு 200. வேறு தண்ணிக்கு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம். பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிவதற்கும், சோப்பு நுரைக்காததற்கும் அம்மா திட்டிக்கொண்டே இருந்தாரே, அதற்கான கணக்கு இதுதான். (ஆர்.ஓ. தண்ணி கொண்டுவந்தவருக்குச் சில துளிகளிலேயே நீலம் வந்துவிடும். பாவம், பார்க்க ஒன்றுமே இருக்காது!)

மனையியல் மாணவிகள் என்றால், சமையலறை உப்பு. கடையில் விற்கும் அயோடின் உப்பில் குறைந்தது 15 பி.பி.எம். அயோடின் இருக்க வேண்டும். அடுப்புப் பக்கத்தில் மூடாமல் கிடக்கும் ஜாடியில் எவ்வளவு மிச்சம்? உப்புக் கரைசலில் அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்தால் அயோடின் வெளிவரும். ஸ்டார்ச் விட்டால் கருநீலம். அந்த நிறம் மறையும்வரை தயோசல்பேட் விட்டு அளந்துவிடலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் வீட்டு போர் தண்ணிக்கான விடை ஆசிரியரின் நோட்டில் இருக்காது. தோழியைப் பார்த்தும் எழுத முடியாது. அவள் வீடு வேறு தெரு. அப்புறம் மார்க் எப்படிப் போடுவது? ஒரே தண்ணியை மூன்று முறை செய்யச் சொல்லி, மூன்று ரீடிங்கும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்துப் போடலாம். ஒத்துவராவிட்டால், பாட்டிலில்தான் இன்னும் தண்ணி இருக்கிறதே!