ஒலி வந்த வழி – 12: எம்பி3 போதுமா?

போன வாரம் கேசட்டோடு நிறுத்தினோம். இந்த வாரம் சி.டி.

நீலகிரியில், ஊட்டியிலோ கோத்தகிரியிலோ ஒரு படுகர் சமூகத்தார் வீட்டில் பழைய சி.டி. பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும். ஒன்று இளையராஜா, ரஹ்மான். இன்னொன்று உள்ளூரிலேயே பதிந்து உள்ளூரிலேயே விற்ற படுகப் பாட்டு. முதல் வகையைத் தூக்கிப் போட்டாலும் நாளைக்கு போனில் கேட்டுக்கொள்ளலாம். இரண்டாவது வகையில் பல, அந்தத் தட்டோடு சரி. எந்த ஃபார்மேட்டில் கணினியில் ஏற்றுவது என்ற கேள்வி எனக்கு இந்த இரண்டாவது வகைக்குத்தான் முக்கியம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் கணினியில் ஆடியோ சி.டி.யைப் போட்டால் 'டிராக்01.சிடிஏ' என்று வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றும் வெறும் 44 பைட். அது பாட்டு இல்லை, பாட்டு தட்டில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு. அதைப் பென் டிரைவில் இழுத்துப் போட்டுவிட்டு சி.டி.யைக் குப்பையில் எறிந்தால் கதை முடிந்தது. ஆடியோ சி.டி.யில் கோப்பே கிடையாது. நொடிக்கு 44,100 முறை அளந்த 16 பிட் எண்கள், இரண்டு சேனலிலும் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கோப்பாக்குவதுதான் 'ரிப்' செய்வது.

எண்களை அப்படியே வைத்தால் வேவ்: ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்.பி. ஃப்ளாக் அதைப் பாதிக்கு அருகில் சுருக்கும். விரித்தால் ஓர் எண்கூட மாறாமல் திரும்ப வரும். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 58 எம்.பி. போதும், ஆனால் காதுக்குத் தெரியாது என்று அது கணக்குப் போட்டுத் தள்ளியது தள்ளியதுதான். வித்தியாசம் கேட்குமா? 256க்கு மேல் போனால் பெரும்பாலோருக்குக் கேட்காது. அதில் சண்டை போட எனக்கு ஆசையில்லை. ஆனால் இதே மலையின் இன்னொரு சமூகமான கோத்தர்களின் கொள் குழல், பறை மேளத்தை 128இல் கேளுங்கள். அடி விழும் முன்பே ஒரு இரைச்சல் கசியும், குச்சியின் கூர்மை மழுங்கிவிடும். அதே கோப்பை இன்னொருவர் வேறு ஃபார்மேட்டுக்கு மாற்றி, மறுபடி சுருக்கினால் இன்னும் கொஞ்சம் போகும்.

பாட்டைப் பதிந்து வைப்பது இந்த மலைக்குப் புதிதல்ல. 1901–02இல் இங்குள்ள தோடர் பழங்குடியினரிடம் வந்த மானுடவியலாளர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், அவர்களுடைய பாட்டை மெழுகு உருளைகளில் பதிந்தார். ஓர் உருளையில் சில நிமிடம்தான் அடங்கும். ஊசி ஓடும் ஒவ்வொரு முறையும் மெழுகு தேயும். அவருக்கு வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது. ஒரு டி.பி. டிஸ்கில் ஃப்ளாக்காகவே ஏறத்தாழ 2,500 சி.டி. அடங்கும். அப்புறம் எதற்குக் கஞ்சத்தனம்?

ஆகவே ஒரே முறை ஃப்ளாக்கில் எடுத்துவிடுங்கள். ஜீப்பில் கேட்க வேண்டுமா, அதிலிருந்து எம்பி3 போட்டுக்கொள்ளுங்கள். ஆப்பிள்காரர்களுக்கு ஏலாக் இருக்கிறது, குணம் ஒன்றே. 'ஒரே தட்டில் 100 பாட்டு' என்று விற்ற எம்பி3 சி.டி.யை மட்டும் ஃப்ளாக் ஆக்காதீர்கள். தள்ளியது திரும்பாது, இடம்தான் வீண்.

மலை ஈரத்தில் தட்டில் பூஞ்சை படியும். மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடையுங்கள், வட்டமாக அல்ல. அச்சுப் பக்கத்தை இன்னும் பதமாகத் தொடுங்கள், தரவு அதன் அடியிலேயே இருக்கிறது. படிக்க முடியாத இடத்தில் பிளேயர் உத்தேசமாக நிரப்பிக்கொண்டு போய்விடும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். நேரமாகும், ஆகட்டும்.

இளையராஜா சி.டி. என்றால் பாட்டுப் பெயர்கள் இணையத்திலிருந்து தானாக வந்து விழும். படுகப் பாட்டுக்கு அதை நம்ப முடியாது. பாடியவர், ஹட்டி (படுகர் ஊர்), வருஷம் எல்லாவற்றையும் நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும்; ஃப்ளாக் தமிழ் எழுத்தைத் தாராளமாக ஏற்கும். அட்டையையும் படமெடுத்துக் கூடவே வையுங்கள். இரண்டாவது பிரதி ஒன்று மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ உறவுக்காரர் வீட்டில் இருக்கட்டும். 2009 நவம்பரில் மண் சரிந்ததை மலைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

(தொடரும்)