சொன்னதும் போய்ச் சேர்ந்ததும்

ஒருவர் மனத்தில் இருப்பது இன்னொருவர் மனத்துக்கு நேராகப் போக வழியில்லை. அது முதலில் ஒலியாகவோ எழுத்தாகவோ சைகையாகவோ மாறவேண்டும். பிறகு காற்று, காகிதம், கம்பி என்று ஏதாவது ஒன்றின் வழியே பயணப்பட வேண்டும். மறுமுனையில் இருப்பவர் அதைத் திரும்பவும் பொருளாக மாற்றிக்கொள்ள வேண்டும். இவை அனைத்தும் சேர்ந்ததே தகவல் தொடர்பு. ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது தொலையும், ஏதாவது திரியும். அந்த இழப்பை ஈடுகட்ட மனிதர்கள் கண்ட வழிகளே தகவல் தொடர்பின் வரலாற்றில் பெரும்பகுதி.

இந்த இழப்பைக் கணிதமாக எழுதிக் காட்டியவர் அமெரிக்கரான கிளாட் ஷானன். பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர் 1948-இல் வெளியிட்ட கட்டுரையில் எல்லாத் தொடர்பையும் ஒரே படத்தில் அடக்கினார்: செய்தி தோன்றும் இடம், அனுப்பும் கருவி, தடம், பெறும் கருவி, சேருமிடம். தடத்தில் குறுக்கிட்டுச் செய்தியைக் கெடுக்கும் எதற்கும் ‘இரைச்சல்’ என்று பெயர். வானொலியின் கரகரப்பு இரைச்சல் என்றால், கடிதத்தில் மை கலைந்த இடமும் இரைச்சல்தான். இரைச்சலை அடியோடு ஒழிக்க முடியாது. ஆனால் தேவைக்குச் சற்று மேலாக, முறையாகச் சேர்த்து அனுப்பினால், கெட்டுப்போன பகுதியை மிஞ்சிய பகுதியிலிருந்து மீட்டுவிடலாம். இந்தக் கூடுதலை ‘மிகை’ எனலாம். ஒரு தடத்துக்கு உரிய வேக வரம்பைத் தாண்டாத வரையில், பிழையை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்க முடியும் என்று ஷானன் நிறுவினார்.

கணிதம் வருவதற்கு வெகுகாலம் முன்பே மனிதர்கள் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். மிக அழகான சான்று ஆப்பிரிக்காவின் பேசும் முரசுகள். காங்கோ நாட்டின் கெலே மக்களிடையே பல ஆண்டுகள் வாழ்ந்த ஆங்கிலேய மதபோதகர் ஜான் கேரிங்டன் 1949-இல் இவற்றைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கெலே மொழியில் ஒவ்வோர் அசையையும் உயர்த்தியோ தாழ்த்தியோ சொல்லவேண்டும். குடைந்த மரத்தாலான முரசில் எழும் இரண்டு சுருதிகள் அந்த ஏற்ற இறக்கத்தை மட்டுமே சுமக்கும். உயிரும் மெய்யும் காணாமல் போய்விடும். நிலவுக்கும் கோழிக்கும் உள்ள சொற்கள் இரண்டுமே முரசில் இரண்டு உயர்ந்த அடிகள். கேட்பவர் எதை எடுத்துக்கொள்வார்? அதனால் முரசறைபவர் நிலவைத் தனியே சொல்வதில்லை. பூமியைக் குனிந்து பார்க்கும் நிலவு என்று முழுத் தொடரையும் அடிப்பார். கோழிக்கும் அதன் கூவலைச் சேர்த்த ஒரு தொடர் உண்டு. வாயால் சொல்வதைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு நேரம் பிடிக்கும். அயலாருக்கு வெறும் அலங்காரமாகப் பட்ட இந்த நீட்டல்தான் செய்தியைக் காட்டைத் தாண்டிப் பிழையின்றிக் கொண்டு சேர்த்தது.

தமிழ்ச் செய்யுளிலும் இத்தகைய காவல் உண்டு. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும் அந்தாதியை எடுத்துக்கொள்ளலாம். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து அவ்வாறு அமைந்தது. மனப்பாடமாகச் சொல்லும்போது ஒரு பாட்டு விட்டுப்போனாலும் வரிசை மாறினாலும் உடனே தெரிந்துவிடும். எதுகையும் மோனையும் செவிக்கு இனிமை தருவதோடு நிற்பதில்லை. தவறான சொல் நுழைந்தால் அடி இடறிக் காட்டிக்கொடுக்கும்.

எழுத்து பிறந்தது பாட்டைக் காக்க அல்ல, கணக்கை வைக்க. மெசபடோமியாவின் உருக் நகரில் ஏறத்தாழ பொ.ஆ.மு. 3200-ஐ ஒட்டிக் களிமண் பலகைகளில் பதிந்தவை பெரும்பாலும் தானியம், ஆடு, பீர் ஆகியவற்றின் வரவு செலவுகள். எழுத்தால் செய்தி சொன்னவரைவிட நீண்ட ஆயுள் பெற்றது. ஆனால் பேச்சில் இருந்த ஒரு வசதி போயிற்று. புரியாத இடத்தில் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது.

அதன் விலை என்னவென்று ஓலைச்சுவடிகளில் பார்க்கலாம். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பழுதாகும் என்பதால் பெரும்பாலும் புள்ளியிடாமலே எழுதினார்கள். அதனால் ‘க்’ என்பதும் ‘க’ என்பதும் ஒரே வடிவில் நிற்கும். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடுவதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். பூச்சி அரித்த இடமும் முறிந்த ஓரமும் வேறு. ஓலை நெடுங்காலம் தாங்காது என்பதால் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் புதுப் பிழைகள் சேரும். உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பல சுவடிகளை ஒப்புநோக்கி, யாப்பும் எதுகையும் பொருளும் எதை ஏற்கின்றன என்று பார்த்துப் பாடத்தை முடிவு செய்தார்கள். பாடிய புலவர் செய்யுளுக்குள் வைத்துவிட்டுப் போன மிகைதான் அவர்களுக்குக் கைகொடுத்தது.

அச்சு இந்தச் சங்கிலியை அறுத்தது. ஒரே பாடம் எல்லாப் படிகளிலும் மாறாமல் வந்தது. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் வெளிவந்த மிகப் பழைய அச்சு நூல்களில் ஒன்று. ஈய எழுத்தில் புள்ளி வைக்க அஞ்ச வேண்டியதில்லை. பின்னாளில் அச்சு பரவியபோது புள்ளியும் நிலைபெற்றது.

அதற்குப் பிறகும் செய்தியின் வேகம் பெரும்பாலும் குதிரையின் வேகமாகவும் கப்பலின் வேகமாகவுமே இருந்தது. அதை உடைத்தது தந்தி. 1844-இல் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு மோர்ஸ் செய்தி அனுப்பினார். இந்தியாவில் 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே கம்பி இழுக்கப்பட்டது. 1858-இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட கேபிள்தான் பெரிய பாடம் கற்பித்தது. விக்டோரியா அரசியார் அனுப்பிய 98 சொற்கள் அமெரிக்கா போய்ச்சேர 16 மணி நேரம் ஆயிற்று. அலைகள் வழியில் மங்கி ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பொறுப்பில் இருந்த ஒயிட்ஹவுஸ் மின்னழுத்தத்தை ஏறக்குறைய 2000 வோல்ட் வரை ஏற்றினார். கேபிள் சில வாரங்களில் செத்துப்போனது. இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் வேறு வழியில் போனார். மிக மெல்லிய மின்னோட்டத்தையும் காட்டும் நுண்ணிய கருவியை மறுமுனையில் வைத்தார். 1866-இல் நிலையான கேபிள் அமைந்தது. காது கேளாதவரிடம் கத்துவதைப் போன்றது ஒயிட்ஹவுஸின் வழி. பேசுபவர் பலத்தைக் கூட்டினால் போதும் என்ற நம்பிக்கை இன்றும் மேடைகளில் உயிரோடு இருக்கிறது.

1876-இல் தொலைபேசி, 1901-இல் அட்லாண்டிக்கைத் தாண்டிய மார்க்கோனியின் கம்பியில்லா சமிக்ஞை, 1969-இல் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் என்று சாதனங்கள் விரைந்து வந்தன. ஷானனின் கொள்கைக்கு மிகப் பெரிய சாட்சி வானில் இருக்கிறது. 1977-இல் ஏவிய வாயேஜர் விண்கலங்களின் ஒலிபரப்பியின் திறன் 20 வாட்டுக்குச் சற்றே மேல், ஒரு சிறு மின்விளக்கின் அளவு. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும் அந்த மெல்லிய சமிக்ஞையைப் படிக்க முடிகிறதென்றால், பூமியின் பெரிய அலைவாங்கிகளோடு, செய்தியில் சேர்த்த பிழைதிருத்தும் மிகையும் காரணம்.

ஆனால் ஷானன் பொருளைப் பற்றிப் பேசவில்லை. அது பொறியியலின் வேலை அல்ல என்று வெளிப்படையாகவே ஒதுக்கிவைத்தார். எழுத்துகள் பிழையின்றிப் போய்ச்சேர்ந்த பிறகும் கருத்து சேராமல் போகலாம். வில்பர் ஷ்ராம் என்ற அறிஞர் 1950-களில் இதைச் சேர்த்தார்: சொல்பவரின் அனுபவமும் கேட்பவரின் அனுபவமும் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடத்தில்தான் பொருள் பிறக்கிறது. முகக்குறிப்பும் குரலும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. இங்கே மாணவர்கள் ஒரு தவறான பாடத்திலிருந்து தப்பவேண்டும். தொடர்பில் சொற்களின் பங்கு 7 விழுக்காடுதான் என்று பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகள், ஒருவர் தம் விருப்பு வெறுப்பைச் சொல்லும்போது சொல்லும் குரலும் முகமும் முரண்பட்டால் கேட்பவர் எதை நம்புகிறார் என்பதைப் பற்றியவை. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே விளக்கியிருக்கிறார்.

பொருள் சேர்ந்ததா என்று அறிய உள்ள ஒரே வழி, கேட்டவரிடமிருந்து திரும்பி வரும் பதில். இதைப் பின்னூட்டம் என்கிறார்கள். அது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1977 மார்ச் 27 சான்று. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவின் விமான நிலையத்தில் அன்று கடும் மூடுபனி. கேஎல்எம் விமானம் ஓடுபாதையின் முனையில் நின்றது. அதே பாதையில் பான் ஆம் விமானம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. புறப்படுவது பற்றிக் கேஎல்எம் விமானி சொன்னது தெளிவாக இல்லை. கட்டுப்பாட்டுக் கோபுரம் முதலில் ‘ஓகே’ என்றது. தொடர்ந்து காத்திருக்கச் சொன்ன அதே நொடியில், தாங்கள் இன்னும் பாதையில் இருப்பதாகப் பான் ஆம் விமானிகள் பேசினார்கள். இரண்டு ஒலிபரப்புகளும் மோதி, கேஎல்எம் விமானி அறையில் கீச்சென்ற சத்தமாகக் கேட்டன. தெளிவாகக் கேட்டது ‘ஓகே’ மட்டும். ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்த விமானம் நிற்கவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

அந்த விபத்துக்குப் பிறகு வானொலிப் பேச்சின் விதிகள் கடுமையாயின. ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை அதற்கான அனுமதியைத் தரும்போதும் விலக்கும்போதும் மட்டுமே கட்டுப்பாட்டாளர் சொல்லவேண்டும். புறப்படும் அனுமதிக்கு ‘ஓகே’ என்பது பதில் ஆகாது. விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். தவறாகச் சொன்னால் கட்டுப்பாட்டாளர் உடனே திருத்தவேண்டும்.