பூமிக்குள் ஒரு காது

நிலநடுக்கம் பிறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போய்க் காது வைத்துக் கேட்க முடியுமா, நேயர்களே?

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் கேட்கிறார்கள். தரைக்குக் கீழே சுமார் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் வேலை. பாறை திடீரென்று வெடித்துச் சிதறினால் உயிருக்கே ஆபத்து. அதனால் அங்கே பாறைக்குள்ளேயே அதிர்வுமானிகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள்.

2014 ஆகஸ்டில் அந்நாட்டின் ஆர்க்னி நகரத்தை ஒரு நிலநடுக்கம் உலுக்கியது. பாறை பிளந்தது சுரங்கத்துக்கும் கீழே! தரைக்கு வருவதற்குள் மங்கிப்போகும் மெல்லிய அதிர்வுகளையும் அந்தக் கருவிகள் பிடித்துவிட்டன. பிறகு விஞ்ஞானிகள் சுரங்கத்துக்குள்ளிருந்தே துளையிட்டார்கள். பின்னதிர்வுகள் எழுந்த பகுதியை எட்டி, அங்கிருந்த பாறையையே வெளியே எடுத்தார்கள். நடுங்கிய பூமியின் ஒரு துண்டு, அவர்கள் கையில்!