தகடா, திண்ம எஃகா?

ஓர் அஞ்சலட்டையை இரண்டு புத்தகங்களுக்கு இடையே பாலம்போல் வைத்து, நடுவில் ஒரு சிறு பூட்டை வையுங்கள். அட்டை தொய்ந்து விழும். இப்போது அட்டையின் நீண்ட ஓரங்கள் இரண்டையும் மேல்நோக்கி மடித்து 'ப' வடிவமாக்கி, மறுபடியும் பூட்டை வைத்துப் பாருங்கள். அட்டை தாங்குகிறது அல்லவா? தட்டையான தகட்டின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. மடித்த பிறகு, தடிப்பின் வேலையை மடிப்பின் உயரமே செய்கிறது.

ஏ.கே.47 துப்பாக்கியில் இயங்கும் உறுப்புகளைத் தாங்கும் நடுக்கூட்டை ரிசீவர் என்பார்கள். 1949-இல் சோவியத் படை இத்துப்பாக்கியை ஏற்றபோது அந்தக் கூடு அழுத்து எந்திரத்தில் வளைத்த எஃகுத் தகட்டால் ஆனது. ஆனால் தகடு கோணியதால் கழிவாகத் தள்ளப்பட்டவை ஏராளம். ஆகவே 1950-களின் தொடக்கத்தில், திண்ம எஃகை மில்லிங் இயந்திரத்தில் செதுக்கிக் கூடு செய்யத் தொடங்கினர். கூடு உறுதியாக வந்தது; ஆனால் வாங்கிய எஃகில் பெரும்பகுதி சீவலாகக் குப்பைக்குப் போயிற்று! தகட்டு வேலையில் தேர்ந்தபின், 1959-இல் ஏ.கே.எம். என்ற வடிவில் மீண்டும் தகட்டுக்கே திரும்பினர். அதன் தடிப்பு 1 மில்லிமீட்டர்தான். செதுக்கிய கூடு கொண்ட துப்பாக்கி (தோட்டாப் பெட்டி நீங்கலாக) ஏறத்தாழ 3.5 கிலோ, ஏ.கே.எம். ஏறத்தாழ 3.1 கிலோ.

இவ்வளவு மெல்லிய தகடு வெடிப்பைத் தாங்குமா? நியாயமான கேள்வி. வெடிக்கும்போது வாயுவின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3,500 கிலோவரை ஏறுகிறது. தோட்டாவின் அடிப்பகுதி அரை சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி என்று கொண்டாலும், பின்னோக்கித் தள்ளும் விசை 2 டன்னை நெருங்குகிறது. தகட்டின்மேல் இது நேராக விழுந்தால் கூடு கிழிந்துவிடும். ஆனால் விழுவதில்லை. பூட்டுத்தண்டின் காதுகள், குழாய் பொருத்தப்பட்ட ஒரு கனத்த எஃகுக் கட்டியில் மாட்டிக்கொள்கின்றன. விசை அந்தக் கட்டிக்குள்ளேயே சுற்றி முடிகிறது. கட்டியைத் தகட்டோடு ரிவெட் அடித்து இணைத்திருக்கிறார்கள். அசையும் பாகங்களுக்கு வழிகாட்டுவதும், அவற்றின் மோதலைத் தாங்குவதுமே தகட்டுக்கு எஞ்சும் வேலை. செதுக்கிய கூட்டிலோ அந்தக் காதுகள் மாட்டும் இடம் கூட்டிலேயே வெட்டப்பட்டிருக்கும்.

எனவே 'தகடு என்றால் மட்டம்' என்னும் எண்ணம் தவறு. பலமாக அடிபட்டால் தகடு நசுங்கக்கூடும், ரிவெட்டுகள் தளரக்கூடும் என்பதும் உண்மைதான். பின்லாந்து தன் 1962-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக்குச் செதுக்கிய கூட்டையே தேர்ந்தது. இலட்சக்கணக்கில் வேண்டுமானால் என் வாக்கு தகட்டுக்கே. சில ஆயிரம் மட்டும் போதுமென்றால், அழுத்து அச்சுகளுக்கு ஆகும் செலவே மீளாது, அங்கே மில்லிங் இயந்திரமே மேல்.