காந்த உணரியும் ஒளி உணரியும்

விசைத்தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் தறி தானே நின்றுவிடுவதை நம் அங்கத்தினர்களில் பலர் கண்டிருப்பார்கள். இழையின் மீது தொங்கும் மெல்லிய தகடு, இழை அறுந்ததும் கீழே விழுந்து மின்சாரத் தொடர்பை உண்டாக்குகிறது, தறி நிற்கிறது. இவ்வாறு ஒரு நிகழ்ச்சியை அறிந்து மின்சாரக் குறிப்பாக மாற்றித் தரும் சாதனத்துக்கு உணரி, அதாவது சென்சார், என்று பெயர். நம் துணியையும் விளைபொருளையும் ஏற்றிச் செல்லும் லாரியிலும், நம் தொலைபேசிப் பேச்சைத் தாங்கிச் செல்லும் கண்ணாடி இழையின் முனையிலும் உணரிகள் வேலை செய்கின்றன. முன்னதற்குக் காந்தமும் பின்னதற்கு ஒளியும் ஆதாரம். எந்த இடத்துக்கு எது தக்கது என்று தீர்மானிப்பதே அவற்றை அமைப்போரின் முதல் கடமை.

மழை நாளில் ஓட்டுநர் திடீரென்று பிரேக்கை அழுத்தினால், சக்கரம் சுழலாமல் இறுகி வண்டி சறுக்கக் கூடும். முன் சக்கரங்கள் இறுகிவிட்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. இதனைத் தடுப்பது ஏ.பி.எஸ். என்னும் ஏற்பாடு. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1978-ஆம் ஆண்டில் மின்னணுக் கட்டுப்பாடுடைய ஏ.பி.எஸ். ஒன்றை மோட்டார் கார்களுக்கென வெளியிட்டது. நம் நாட்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்கள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயமாயிற்று.

சக்கரத்தோடு பல் வளையம் ஒன்று சுழல்கிறது. அதற்கு எதிரே, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், காந்த உணரி நிற்கிறது. ஒவ்வொரு பல்லும் கடக்கும்பொழுது காந்தப் புலம் மாறி ஒரு துடிப்பு எழுகிறது. சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர், பற்கள் 48 எனக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 400 துடிப்புகள் எழும். ஒரு சக்கரத்தின் துடிப்பு மட்டும் சட்டென்று குறைந்தால், அது இறுகப் போகிறது என்று கட்டுப்பாட்டுக் கருவி அறிந்து, அதன் பிரேக்கை ஒரு கணம் தளர்த்தி மீண்டும் பிடிக்கச் செய்யும்.

காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட பழைய வகை உணரியில், வேகம் குறையக் குறையத் துடிப்பும் மெலியும். இக்குறையைத் தீர்க்க உதவியது 1879-ஆம் ஆண்டின் ஒரு கண்டுபிடிப்பு. அமெரிக்காவின் எட்வின் ஹால், மின்சாரம் ஓடும் மெல்லிய தங்கத் தகட்டைக் காந்தப் புலத்தில் வைத்தபொழுது, தகட்டின் இரு ஓரங்களுக்கிடையே சிறு மின்னழுத்தம் தோன்றக் கண்டார். இம்முறையில் அமைந்த உணரி காந்தப் புலத்தையே நேராக அளப்பதால், மிக மெதுவாகச் சுழலும் சக்கரத்தையும் அறிய வல்லது.

சக்கரத்தில் ஒளி உணரியை ஏன் வைப்பதில்லை என்று கேட்கலாம். சேறு படிந்தால் ஒளி மறைந்துவிடும். காந்தப் புலமோ சேற்றையும் எண்ணெயையும் ஊடுருவிச் செல்லும். எனினும் இரும்புத் துகள் ஒட்டினாலும், இடைவெளி கூடினாலும் கணக்குப் பிழைபடும்.

தொலைத்தொடர்பில் நிலைமை வேறு. மூடிய கண்ணாடி இழைக்குள் சேறு புகுவதில்லை. அருகிலுள்ள மின் கம்பிகளும் ஒளியைக் கலைப்பதில்லை. நெடுந்தூரத்துக்கு 1550 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலப்படாத ஒளியை அனுப்புகின்றனர். நல்ல இழையில் 15 கிலோமீட்டர் கடந்த பின்னும் அதில் ஏறக்குறையப் பாதி எஞ்சும். ஆனால் சிலிக்கான் உணரி சுமார் 1100 நானோமீட்டருக்கு மேல் ஒளியை உணராது. ஆகவே இண்டியம், காலியம், ஆர்செனிக் சேர்ந்த பொருளால் உணரியைச் செய்கின்றனர். அதன் பரப்பைப் பெரிதாக்கினால் ஒளியைப் பிடிப்பது எளிது, ஆனால் வேகம் குறையும். சிறிதாக்கினால் வேகம் கூடும், ஆனால் இழைமுனையை மிக நுட்பமாகப் பொருத்த வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே அளவு காண்பதே அமைப்பாளரின் திறமை.

நாம் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வண்டி ஓடும்பொழுது ஏ.பி.எஸ். விளக்கு அணையாமல் எரிந்தால், அந்த ஏற்பாடு வேலை செய்யவில்லை என்று பொருள். சாதாரண பிரேக் பிடிப்பதால் பலர் இதனை அசட்டை செய்கின்றனர். மழைச் சாலையில்தான் அதன் விலை தெரியும். சக்கர பேரிங்கை மாற்றிய பின் பல் வளையத்தைத் துடைத்து, இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். விளக்கு எரிகிறதென்று வயரைக் கழற்றிவிடுவது கூடவே கூடாது. வயலோரத்தில் கேபிள் அடையாளக் கல் இருந்தால், விசாரிக்காமல் அங்கே பள்ளம் தோண்டலாகாது. அறுந்த பாவு இழையைக் காட்டி நிற்கும் தறியை நாம் கோபிப்பதில்லை; இழையை முடிகிறோம். எச்சரிக்கை விளக்கையும் அவ்வாறே மதித்தல் வேண்டும்.