‘தொகை’ எங்கே இருக்கிறது?

நிரல் ஒன்று தப்பான கணக்கைக் காட்டுகிறது. எழுதியவர் பிழை தேடும் கருவியான டீபக்கரைத் திறக்கிறார். சந்தேகம் வந்த வரியில் நிரலை நிறுத்தி, ‘பிரின்ட் தொகை’ என்று தட்டுகிறார். உடனே திரையில் 450 என்று பதில் வருகிறது. மென்பொருள் எழுதுவோர் அன்றாடம் செய்கிற வேலை இது. ஆனால், அந்த 450-ஐ டீபக்கர் எங்கிருந்து எடுத்து வந்தது? ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கட்டளைகளுக்குள் ‘தொகை’ என்ற பெயரே கிடையாதே!

சி போன்ற மொழியில் எழுதியதைக் கம்பைலர் இயந்திரக் கட்டளைகளாக மாற்றும்போது, மாறிகளுக்கு நாம் வைத்த பெயர்கள் அங்கே தேவைப்படுவதில்லை. சிப்புக்குத் தெரிந்தவை எண்ணிட்ட நினைவக இடங்களும், ரெஜிஸ்டர் எனப்படும் அதிவேகச் சிற்றறைகளும்தான். இன்று மேசைக் கணினிகளில் பரவலாக இருக்கும் இன்டெல், ஏஎம்டி 64 பிட் சிப்புகளில் பொதுப் பயன்பாட்டு ரெஜிஸ்டர்கள் நெடுங்காலமாக 16தான். ஒவ்வொன்றிலும் 8 பைட் பிடிக்கும். நூற்றுக்கணக்கான மாறிகள் இந்த 16 அறைகளை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இடம் கிடைக்காதவை நினைவகத்துக்குப் போகும்.

ஃபங்ஷனுக்குள் இருக்கும் சாதாரண மாறிகளுக்கு நினைவகத்திலும் நிலையான முகவரி இல்லை. ஒரு ஃபங்ஷன் அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதன் மாறிகளுக்காக ஸ்டாக் எனப்படும் நினைவகப் பரப்பில் புதிதாக ஒரு பகுதி ஒதுக்கப்படுகிறது. அதற்கு ஃபிரேம் என்று பெயர். ஒரு ஃபங்ஷன் தன்னைத் தானே அழைத்துக்கொண்டே போய், ஐந்து அழைப்புகள் முடியாமல் நின்றால் ஐந்து ஃபிரேம்கள், ஐந்து ‘தொகை’கள். ஆகவே, கதவு எண்ணைச் சொல்லிப் பயனில்லை. பிள்ளையார் கோயிலுக்குக் கிழக்கே நாலாவது வீடு என்று நாம் வழி சொல்வதுபோல, ஓர் அடையாளத்திலிருந்து எத்தனை தள்ளி என்றுதான் சொல்ல முடியும்.

முகவரிக்குப் பதில் கணக்கு

இந்த வழியைக் கம்பைலர் எழுதிவைக்க வேண்டும். டீபக்கர் அதைப் படிக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவான ஒரு குறிப்பு முறை தேவை. பெர்க்லி யுனிக்ஸ் காலத்து ‘ஸ்டாப்ஸ்’ முறை, இந்த மாறி நிலையான முகவரியில் இருக்கிறது, இது ரெஜிஸ்டரில் இருக்கிறது, இது ஃபிரேமில் இத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில வகைகளுக்குள் எல்லாவற்றையும் அடக்கியது. கம்பைலர்கள் கெட்டிக்காரத்தனமாக மாற மாற, இந்தச் சில வகைகள் போதவில்லை.

1980களின் நடுவில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் சிஸ்டம் 5-இன் நான்காம் வெளியீட்டுக்காகப் பிரையன் ரஸ்ஸல் வேறொரு முறையை உருவாக்கினார். ‘டுவார்ஃப்’ என்ற அந்த முறையின் முதல் பதிப்பை யுனிக்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு 1992-ல் வெளியிட்டது. இரண்டாம் பதிப்பின் வரைவு 1993-ல் வந்தது. அடுத்த பதிப்புகள் 2005, 2010, 2017 ஆண்டுகளில் வந்தன. இன்று லினக்ஸிலும் மேக்கிலும் சி, சி++, ரஸ்ட், ஸ்விஃப்ட் நிரல்களின் டீபக் தகவல் இந்த வடிவில்தான் எழுதப்படுகிறது.

இதன் உயிர்நாடியான யோசனை இதுதான்: மாறியின் முகவரியைக் கம்பைலர் தருவதில்லை; முகவரியைக் கணக்கிடும் ஒரு குட்டி நிரலைத் தருகிறது. டீபக்கர் அந்தக் குட்டி நிரலை, நாம் கேட்கும் அந்தக் கணத்தில் ஓட்டி விடை காண்கிறது.

இரண்டு பைட்டில் ஒரு நிரல்

லினக்ஸில் ஜிசிசி கம்பைலர், வேகப்படுத்தும் வேலை எதையும் செய்யாமல், டீபக் தகவலோடு ஒரு சிறு நிரலை மொழிமாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘தொகை’ என்பது ஃபங்ஷனுக்குள் இருக்கும் 4 பைட் முழு எண். அதன் இடக்குறிப்பு இரண்டே பைட்டில் முடிந்துவிடலாம்: 145, 108.

145 என்பது கட்டளை. ‘ஃபிரேமின் அடிப்படை முகவரியோடு, அடுத்து வரும் எண்ணைக் கூட்டு’ என்று பொருள். 108 அந்த எண். இந்த எழுத்து முறையில் ஒரு பைட்டில் 7 பிட் மட்டுமே எண்ணுக்கு உரியது. 64-இலிருந்து மேலே இருப்பவற்றை 128 கழித்துப் படிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 108 என்பது −20. அடிப்படையிலிருந்து 20 பைட் கீழே போ என்கிறது குறிப்பு.

அடிப்படை எங்கே? அதற்கு ஃபங்ஷனின் பதிவில் இன்னொரு குறிப்பு இருக்கிறது. அது ஒரே பைட்: 156. இந்த ஃபங்ஷனை அழைக்கும் கட்டளை ஓடுவதற்குச் சற்று முன்பு ஸ்டாக்கின் நுனி எங்கே இருந்ததோ அதுவே அடிப்படை என்பது இதன் பொருள். அதைக் கண்டுபிடிக்க டீபக்கர் மூன்றாவதாக ஓர் அட்டவணையைப் புரட்டுகிறது. நிரல் இப்போது நிற்கும் கட்டளைக்கு நேரே, ‘ஆர்பிபி ரெஜிஸ்டரின் மதிப்போடு 16 கூட்டு’ என்று அதில் இருக்கிறது. வேலை முடிந்து திரும்பிப் போக வேண்டிய முகவரிக்கு 8 பைட், பழைய ஆர்பிபி மதிப்பைப் பத்திரப்படுத்த 8 பைட், ஆக 16.

இனி ரெஜிஸ்டரைப் பார்க்க வேண்டும். நிறுத்தப்பட்ட நிரலின் ரெஜிஸ்டர்களையும் நினைவகத்தையும் படிக்க லினக்ஸ் கெர்னல் ‘பிடிரேஸ்’ என்ற வசதியைத் தருகிறது. நிறுத்துவதும் அதன் வழியாகத்தான்: நிற்க வேண்டிய இடத்துக் கட்டளையின் முதல் பைட்டை எடுத்துவிட்டு 204 என்ற பைட்டை டீபக்கர் எழுதிவைக்கிறது, அதை எட்டியதும் சிப் நிரலை நிறுத்திக் கெர்னலுக்குச் சொல்கிறது. உண்மையான முகவரிகள் மிக நீளமானவை. கணக்குக்காக ஆர்பிபியில் 8000 இருப்பதாகக் கொள்வோம். அடிப்படை 8016. அதில் 20 கழித்தால் 7996. அங்கிருந்து 4 பைட்டைப் படித்தால் 194, 1, 0, 0 என்று கிடைக்கிறது. இந்தச் சிப்புகள் இட மதிப்பில் சிறிய பைட்டை முதலில் வைப்பவை. ஆகவே 194 + 1 × 256 = 450. அது முழு எண் என்று வகைக் குறிப்பு சொல்வதால் திரையில் 450 வருகிறது. தசம எண் என்று சொல்லியிருந்தால், அதே நான்கு பைட்டும் வேறெந்த எண்ணாகவோ தெரிந்திருக்கும்.

நிரலாளர் தட்டுவது ஒற்றைப் பெயராக இல்லாமல் ‘விலை[ஐ] * 2’ என்று நீளமாகவும் இருக்கலாம். அப்போது டீபக்கர் ஒரு சிறு மொழிபெயர்ப்பாளராகவும் வேலை செய்கிறது. ஒரே பெயரில் இரண்டு மாறிகள் இருந்தால், நிரல் நிற்கும் இடத்துக்கு மிக நெருக்கமான தொகுதியில் தொடங்கி வெளிநோக்கித் தேடுகிறது. ஒவ்வொரு பெயருக்கும் மேலே சொன்ன கணக்கைப் போட்டு, பிறகு மூல மொழியின் விதிப்படி கூட்டிப் பெருக்குகிறது. தட்டிய வரியில் ஃபங்ஷன் அழைப்பு இருந்தால், நின்றிருக்கும் நிரலையே அந்த ஃபங்ஷன் அளவுக்கு ஓடவைத்துத் திரும்ப நிறுத்துகிறது. அந்த ஃபங்ஷன் எதையாவது மாற்றி எழுதினால் அந்த மாற்றம் நிலைத்துவிடும். பார்ப்பதற்காகத் தட்டிய வரியே நிரலின் நிலையை மாற்றிவிடக்கூடும் என்பதால் இங்கே கவனம் வேண்டும்.

கணக்குப் போடும் சிறு இயந்திரம்

டுவார்ஃப் குறிப்புகளைக் கணக்கிட டீபக்கருக்குள் ஒரு சிறு கற்பனை இயந்திரம் இருக்கிறது. தொடக்கத்தில் அதன் அடுக்கு காலி. ஒரு கட்டளை எண்ணை மேலே வைக்கும். இன்னொன்று மேலிருக்கும் இரண்டை எடுத்துக் கூட்டி விடையை வைக்கும். மற்றொன்று மேலே இருப்பதை முகவரியாகக் கொண்டு நினைவகத்தைப் படித்து வரும். குறிப்பு முடியும்போது உச்சியில் இருப்பதே விடை. கழித்தல், பெருக்கல், வகுத்தல், ஒப்பிடுதல் எல்லாம் உண்டு. ‘இப்படி என்றால் அங்கே தாவு’ என்ற கட்டளையும் உண்டு.

தாவும் கட்டளை இருந்தால் சுழல முடியும்; சுழல முடிந்தால் எந்தக் கணக்கையும் போட முடியும். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓக்லியும் செர்கேய் பிராட்டஸும் 2011-ல் இதை வேறொரு கோணத்தில் காட்டினார்கள். நிரலில் விதிவிலக்கு நேரும்போது ஸ்டாக்கைப் பின்னோக்கிப் பிரித்துப் போகவும் இதே வகைக் குறிப்புகள் பயன்படுகின்றன. புதிதாக ஓர் இயந்திரக் கட்டளைகூடச் சேர்க்காமல், அந்தக் குறிப்புகளை மட்டும் மாற்றி எழுதியே தாங்கள் விரும்பியதை நிரலைச் செய்ய வைக்க முடியும் என்று நிறுவினார்கள். வெறும் தகவல் என்று எல்லோரும் நினைத்திருந்தது, ஓடக்கூடிய நிரலாகவும் இருந்தது.

இடம் மாறும் மாறிகள்

பயனர் கைக்குப் போகும் நிரலைக் கம்பைலர் வேகப்படுத்தித் தருகிறது. மேலே சொன்ன எளிய ஏற்பாடு அங்கே குலைகிறது. ஃபங்ஷனுக்கு வரும் முதல் முழு எண் ஆர்டிஐ ரெஜிஸ்டரில் வருகிறது. சில கட்டளைகள் கழித்து, அந்த ரெஜிஸ்டர் வேறு வேலைக்குத் தேவைப்பட்டால் மதிப்பு வேறோர் அறைக்கோ ஸ்டாக்குக்கோ மாறும். இனி யாரும் அதைப் பயன்படுத்தப் போவதில்லை என்றால், பத்திரப்படுத்தாமலே கைவிடப்படும். அதனால் ஒரு மாறிக்கு ஒரு குறிப்பு போதாது, பட்டியல் வேண்டும். ‘இந்தக் கட்டளை முதல் அந்தக் கட்டளை வரை இங்கே, பிறகு அங்கே’ என்று வரிசையாக எழுதப்படுகிறது. நிரல் எந்தக் கட்டளையில் நிற்கிறது என்று பார்த்து, பொருத்தமான வரியை டீபக்கர் தேர்ந்தெடுக்கிறது. பல உறுப்புகள் கொண்ட ஒரு மாறி துண்டுதுண்டாகப் பிரிந்து கிடந்தால், பாதி இந்த ரெஜிஸ்டரில், பாதி ஸ்டாக்கில் என்றும் குறிப்பால் சொல்ல முடியும்.

இன்னும் நுட்பமான நிலையும் உண்டு. 8 பைட் உறுப்புகள் கொண்ட ஒரு வரிசையை ‘ஐ’ என்ற எண்ணை வைத்து ஒவ்வொன்றாகக் கடக்கும் சுழற்சியைப் பாருங்கள். ‘ஐ’ எதற்கு என்று கம்பைலர் அதை நீக்கிவிட்டு, முகவரியையே 8, 8 ஆகக் கூட்டிக்கொண்டு போகலாம். இப்போது ‘ஐ’ எங்கும் இல்லை. ஆனால், தற்போதைய முகவரியிலிருந்து வரிசையின் தொடக்க முகவரியைக் கழித்து 8-ஆல் வகுத்தால் அது எத்தனை என்று தெரிந்துவிடும். இந்தக் கணக்கை எழுதி, ‘இது முகவரி இல்லை, மதிப்பே இதுதான்’ என்று முடிக்கும் கட்டளை 2010-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. இப்படிக் கிடைக்கும் ‘ஐ’யைப் பார்க்கலாம், மாற்றி எழுத முடியாது. எழுத இடமே இல்லை.

2017-ஆம் ஆண்டுப் பதிப்பு இன்னும் ஒரு படி போனது. ஃபங்ஷனுக்குள் நுழைந்தபோது இந்த ரெஜிஸ்டரில் என்ன இருந்தது என்று கேட்கும் கட்டளையை அது சேர்த்துக்கொண்டது. அந்த மதிப்பு இங்கே அழிந்துபோயிருந்தாலும், அழைத்த ஃபங்ஷனின் ஃபிரேமுக்குப் போய், அழைப்பின்போது எதைக் கொடுத்தது என்ற குறிப்பிலிருந்து டீபக்கர் அதை மீட்டுவிடலாம்.

‘இல்லை’ என்று சொல்லும் நேர்மை

எல்லா வழியும் அடைபட்டால், ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ (வேகப்படுத்தும்போது நீக்கப்பட்டது) என்று டீபக்கர் சொல்லிவிடுகிறது. இதைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாத நிரலாளர் அரிது. ஆனால், டீபக்கர் தரும் பதில்களில் நாம் மிகவும் மதிக்க வேண்டியது இதுதான் என்று நான் நினைக்கிறேன். மதிப்பு இருந்த ரெஜிஸ்டரில் இப்போது வேறேதோ எண் கிடக்கிறது. அதை எடுத்துக் காட்டினால் யாருக்கும் சந்தேகம் வராது. பிழையைத் தேடுபவர் அந்தப் பொய் எண்ணை நம்பி, பிழையே இல்லாத இடத்தைத் துருவிக்கொண்டிருப்பார்.

இது வெறும் அச்சமல்ல. ரோம் நகரின் சபியென்சா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் பிறரும் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நிரலை வேகப்படுத்தியும் வேகப்படுத்தாமலும் டீபக்கரில் ஓட்டி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பரவலாகப் பயன்படும் எல்எல்விஎம், குனு ஆகிய இரு கருவித் தொகுப்புகளிலும் டீபக் தகவலில் பிழைகள் வெளிப்பட்டன. பிழை தேடும் கருவிக்கு வழிகாட்டும் குறிப்பிலேயே பிழை இருக்கலாம் என்றால், அந்தக் குறிப்பைச் சரியாக எழுதுவது கம்பைலரின் உபரி வேலை ஆகாது. முதன்மைக் கடமைகளில் ஒன்று. ஜிசிசி 2010-ல் தன் 4.5 பதிப்பில், வேகப்படுத்தும் கட்டங்கள் நெடுகிலும் மாறிகளைப் பின்தொடரும் புதிய முறையைச் சேர்த்தது. 2013-ல் வந்த 4.8 பதிப்பில், டீபக் அனுபவம் கெடாத அளவுக்கு மட்டும் வேகப்படுத்தும் விருப்பத்தையும் தந்தது.

டீபக் தகவலைச் சேர்த்தால் நிரல் மெதுவாகும் என்ற எண்ணத்தையும் கைவிடலாம். ஜிசிசியில் அது இயந்திரக் கட்டளைகளை மாற்றுவதில்லை. நிரல் ஓடும்போது அந்தப் பகுதி நினைவகத்தில் ஏற்றப்படுவதுமில்லை. கோப்புதான் பெரிதாகும். அதைத் தனிக் கோப்பாகப் பிரித்து வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

நிரல் எழுதக் கற்கும் மாணவர்கள் ஜிடிபி என்ற டீபக்கரில் ஒரு முறையாவது ‘இன்ஃபோ அட்ரஸ்’ என்று தட்டி, பக்கத்தில் தங்கள் மாறியின் பெயரைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். முதலில் வேகப்படுத்தாமல், பிறகு வேகப்படுத்தி. இரண்டு விடைகளும் ஏன் வேறுபடுகின்றன என்று யோசித்தால், கம்பைலர் தங்கள் நிரலை என்ன செய்தது என்பது புரியத் தொடங்கும். ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். சில வரிகளுக்கு முன்பே நிரலை நிறுத்திப் பார்க்கலாம். அழைத்த ஃபங்ஷனின் ஃபிரேமுக்கு ஏறிப் போய் அங்கே என்ன கிடைக்கிறது என்று தேடலாம். ஓரிடத்தில் கைவிடப்பட்ட மதிப்பு, இன்னோரிடத்தில் உயிரோடு இருக்க வாய்ப்பு உண்டு. அந்த மதிப்பு எப்படிக் கணக்கிடப்பட்டது என்று அறிந்தவர்தான், அதை எவ்வளவு நம்பலாம் என்றும் அறிவார்.